வழக்கறிஞர் ஏன் போனார்?

ஓடிக்கொண்டிருந்த மோட்டார் சைக்கிளின் பின்சக்கரம் வெடித்தது. பின்னால் இருந்தவர் குதித்தார். தலை தரையில் மோதியது. வண்டியை ஓட்டியவர் வழக்கறிஞர், நீதிமன்றத்துக்குப் போய்க்கொண்டிருந்தவர். அடிபட்டவரைப் பக்கத்து மருத்துவமனையில் சேர்த்தார். காயம் எவ்வளவு மோசம் என்று டாக்டரிடம் கேட்காமலே கிளம்பிவிட்டார். அடிபட்டவர் இறந்துபோனார்.

ஏன் அப்படிச் செய்தார்? மைசூரில் ஒருவர் சொன்ன இந்தச் சம்பவத்தை உளவியலாளர் ஜோன் மில்லர் 1984-இல் வெளியிட்ட ஆய்வில் பதிவு செய்தார். சிகாகோவில் இதைக் கேட்டவர்கள் பெரும்பாலும் வழக்கறிஞரின் குணத்தைக் குறை சொன்னார்கள்: பொறுப்பற்ற மனிதர். மைசூர்க்காரர்களோ நீதிமன்றக் கடமையையும், பதற்றத்தையும், காயம் வெளியே தெரியாமல் இருந்திருக்கக்கூடும் என்பதையும் எடுத்துச் சொன்னார்கள்.

குணத்தின் மேல் பழி போடும் பழக்கம் எவ்வளவு ஆழமானது என்பதை அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் லீ ராஸ் குழுவினர் 1977-இல் ஒரு வினாடி வினா சோதனையில் காட்டினார்கள். இரண்டு மாணவர்கள், யார் கேள்வி கேட்பது, யார் பதில் சொல்வது என்பதைச் சீட்டு தீர்மானிக்கிறது. கேட்பவர் தனக்குத் தெரிந்ததிலிருந்தே பத்துக் கடினமான கேள்விகளைத் தயாரிக்கிறார். எதிரே இருப்பவரால் சராசரியாக நான்குக்குத்தான் பதில் சொல்ல முடிகிறது. வேடிக்கை பார்த்தவர்கள், கேட்டவரையே பெரிய அறிவாளி என்று மதிப்பிட்டார்கள். என் மனத்தை உறுத்துவது அடுத்த முடிவு: பதில் சொல்லத் திணறியவர்களும் தங்களைக் குறைவாகவே மதிப்பிட்டுக்கொண்டார்கள். சீட்டு எடுத்தது அவர்கள் கண்முன்னேதான்!

காரணம் ஓரளவு எளிது. ஆள் நம் கண்முன் நிற்கிறார். அவரைத் தள்ளிய நெருக்கடிக்கு முகம் கிடையாது. ஆனால் கண்ணின் இயல்பு மட்டும் காரணமென்றால் மைசூரும் சிகாகோவும் வேறுபட்டிருக்காது. மில்லர் குழந்தைகளிடமும் கேட்டார். எட்டு வயதில் இரண்டு ஊர்ப் பிள்ளைகளின் விளக்கங்களிலும் பெரிய வித்தியாசம் இல்லை. வயது ஏற ஏறத்தான் சிகாகோவில் குணத்தைச் சொல்வது கூடியது, மைசூரில் சூழலைச் சொல்வது கூடியது. அப்படியானால் இது பெரியவர்களின் பேச்சிலிருந்து பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்வது என்றே நினைக்கிறேன். பஸ்ஸில் ஒரு முதியவர் நிற்கிறார்; ஓர் இளைஞர் எழுந்திருக்காமல் கண்மூடி உட்கார்ந்திருக்கிறார். அம்மா "மரியாதை தெரியாதவன்" என்கிறாளா, "ராத்திரி வேலை முடித்து வருகிறானோ என்னவோ" என்கிறாளா? கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கிறது.