தலைவலிக்கு உணவை நிறுத்தும் முன் ஒரு நோட்டு வாங்குங்கள்

சில மாதங்களுக்கு முன் ஒரு பெண் நான்கு பக்க ரத்தப் பரிசோதனை அறிக்கையை என் மேசையில் விரித்தார். வரிசையாக உணவுப் பெயர்கள், பாதிக்கு மேல் சிவப்பு நிறத்தில். பால் கூடாது, கோதுமை கூடாது, முட்டை கூடாது, தக்காளி கூடாது. எல்லாவற்றையும் நிறுத்தி மூன்று மாதம் ஆகிறது, ஆள் 6 கிலோ இளைத்துவிட்டார், தலைவலி மட்டும் அப்படியே இருக்கிறது.

அது ஐஜிஜி (IgG) என்ற எதிர்ப்பொருளை அளக்கும் பரிசோதனை. நாம் வழக்கமாகச் சாப்பிடும் உணவுக்கு ரத்தத்தில் அந்த எதிர்ப்பொருள் இருப்பது இயல்புதான். இவர் இதைச் சாப்பிடுகிறவர் என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லாது. ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவர்களின் அமைப்பு, ஐஜிஜியின் ஒரு வகையான ஐஜிஜி4 பரிசோதனையை வைத்து உணவு ஒவ்வாமையைக் கண்டுபிடிக்கக் கூடாது என்று 2008-லேயே சொல்லிவிட்டது. தயவுசெய்து இதற்குப் பணம் கட்டாதீர்கள்.

அதற்காக உணவுக்கும் தலைவலிக்கும் சம்பந்தமே இல்லை என்று நான் சொல்லவில்லை. மது, அதிலும் சிவப்பு ஒயின், பதப்படுத்திய இறைச்சியில் சேர்க்கும் நைட்ரைட், நாள்பட்ட சீஸில் உள்ள டைரமின் என்ற வேதிப்பொருள், இதெல்லாம் மைக்ரேன் எனும் ஒற்றைத் தலைவலி உள்ள சிலருக்கு வலியைக் கிளப்பிவிடும். ஆனால் எப்போதும் கிளப்பாது என்பதுதான் சிக்கல். நன்றாகத் தூங்கிய நாளில் ஒன்றும் செய்யாத அதே சீஸ், தூக்கம் கெட்டு, ஒரு வேளை பட்டினியும் கிடந்த நாளில் ஆளைப் படுக்க வைத்துவிடும். சாக்லேட் விஷயம் இன்னும் குழப்பம். மைக்ரேன் வலி வருவதற்கு ஓரிரு நாள் முன்பே கொட்டாவி, எரிச்சல், இனிப்பு தின்னும் ஆசை எல்லாம் சிலருக்கு வந்துவிடும், அதனால் சாக்லேட் தின்றதால் வலி வந்ததா, வலி வரப்போகிறது என்பதால் சாக்லேட்டைத் தேடினாரா என்று அவருக்கே தெரியாது.

அதனால்தான் நோட்டு. அந்தப் பெண்ணை எழுதச் சொன்னேன்: என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு, எப்போது தூங்கி எழுந்தீர்கள், மாதவிடாய் தேதி, வலி தொடங்கிய நேரம், போட்ட மாத்திரை. ஆறு வாரம் கழித்துப் புரட்டினால் விடுமுறை நாட்களிலெல்லாம் வலி! மற்ற நாட்களில் காலை 6 மணிக்கு முதல் காபி. விடுமுறையில் எழுவதே 9 மணிக்கு, காபி 10 மணிக்கு, காலைச் சாப்பாடு கிடையாது. காபி பழகிய உடம்புக்கு, கடைசியாகக் குடித்து 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்கலாம். முதல் நாள் மாலை 4 மணிக்குக் குடித்தவருக்கு அது 18 மணி நேர இடைவெளி. பசி வேறு.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தலைவலியோடு ஓயாத வயிற்றுப்போக்கு, இரும்புச்சத்து மாத்திரை போட்டும் ஏறாத ரத்தசோகை, காரணமில்லாத சோர்வு இருந்தால் செலியாக் நோயாக இருக்கலாம், அதாவது கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் சிறுகுடலைப் பாதிக்கும் நோய். அதற்கு முறையான ரத்தப் பரிசோதனை உண்டு, ஆனால் கோதுமையைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே எடுக்க வேண்டும். முன்கூட்டியே நிறுத்திவிட்டு வந்தால் நோய் இருந்தும் இல்லை என்று காட்டிவிடும், அப்படி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்புறம், மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ சாதாரண வலி மாத்திரை போட்டுக்கொண்டே வந்தால் மாத்திரையே தலைவலியைத் தரும். திடீரென இடி விழுந்தது போன்ற வலி, பேச்சுக் குழறல், கை கால் தளர்ச்சி, காய்ச்சலோடு கழுத்து இறுக்கம் என்றால் நோட்டைத் தேடாதீர்கள், உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

அந்தப் பெண் விடுமுறை நாளிலும் நேரத்துக்குச் சாப்பிடுகிறார், காபியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துவிட்டார். நிறுத்திய உணவுகளை ஒவ்வொன்றாக, சில நாள் இடைவெளி விட்டுத் திரும்பச் சேர்த்தோம். முட்டை சரி, கோதுமை சரி, தக்காளி சரி. பால் குடித்தால் மட்டும் வயிறு உப்புகிறது, பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை செரிக்கவில்லை போலிருக்கிறது, தயிர் ஒத்துக்கொள்கிறது. தலைவலி இப்போது மாதத்துக்கு ஒன்றிரண்டு வருகிறது, அதையும் எழுதி வைக்கிறார்.