அரசுக் கட்டட டெண்டர்: விலைக் கவரைத் திறக்கும் முன்பே தள்ளப்படாமல் இருக்க

எனக்குத் தெரிந்த மேஸ்திரி ஒருவர் பல வருடம் சப்-கான்ட்ராக்டில் வேலை பார்த்தவர். ஓர் அங்கன்வாடிக் கட்டடத்துக்கு முதல்முறையாகச் சொந்தப் பெயரில் டெண்டர் போட்டார். ரேட் சரியாக இருந்தது. பணம் கட்டினார், காகிதங்களை ஏற்றினார், கடைசியில் டெண்டரை உறுதி செய்து சமர்ப்பிக்கும் ‘ஃப்ரீஸ்’ பொத்தானை அழுத்தாமல் வெளியே வந்துவிட்டார். இணையதளத்தைப் பொறுத்தவரை அவர் டெண்டரே போடவில்லை. ஆபீசில் போய்க் கேட்டபோது, “நாங்கள் என்ன செய்ய முடியும்?” என்று அனுப்பிவிட்டார்கள். அவரைப் போன்றவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் அரசு வேலைகளுக்கு 1998-ஆம் ஆண்டின் டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டமும் 2000-ஆம் ஆண்டின் விதிகளும்தான் அடிப்படை. இவற்றில் உங்களுக்கு உடனே உதவுவது கால அளவு. 2 கோடி ரூபாய் வரையிலான வேலைக்கு, அறிவிப்பு வெளியானதிலிருந்து குறைந்தது 15 நாள் அவகாசம் தர வேண்டும். அதற்கு மேல் 30 நாள். குறைப்பதானால் மேலதிகாரி காரணத்தை எழுத்தில் பதிவு செய்து அனுமதித்திருக்க வேண்டும். ஒரே வாரத்தில் முடியும் டெண்டரைக் கண்டால், அந்த அனுமதி எங்கே என்று எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்டால் வாயால்தான் பதில் வரும்.

அடுத்து, எந்த வகை டெண்டர் என்று பாருங்கள். சதவீத டெண்டரில் துறை போட்ட மதிப்பீட்டுக்கு மேலா கீழா என்று ஒரே எண்தான். அங்கே ‘எக்ஸஸ்’, ‘லெஸ்’ இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதை மாற்றிப் போட்டு நஷ்டத்தில் மாட்டியவர்கள் உண்டு. ஐட்டம் ரேட் என்றால் ஒவ்வொரு வரிக்கும் தனி விலை, ஒரு வரியில் சுழியம் கூடினாலும் மொத்தக் கணக்கும் போச்சு. லம்ப்சம் (முழு வேலைக்கும் ஒரே மொத்த விலை), அதுவும் வடிவமைப்பு உங்கள் பொறுப்பு என்று வருவது, முதல் வேலைக்கு வேண்டவே வேண்டாம். மண் பரிசோதனை அறிக்கை தப்பாக இருந்தால்கூடச் செலவு உங்கள் தலையில் விழலாம்.

பெரும்பாலும் இரண்டு கவர் முறை. முதல் கவரில் தகுதிக் காகிதங்கள், இரண்டாவதில் விலை. முதலாவது தள்ளப்பட்டால் இரண்டாவதைத் திறக்கவே மாட்டார்கள். அதிகம் பேர் விழுவது இங்கேதான். உத்யம் சான்று (சிறுதொழில் பதிவுச் சான்று) இருக்கிறதே, டெண்டரோடு கட்டும் முன்வைப்புத் தொகை (இஎம்டி) கட்ட வேண்டாம் என்று யாரோ சொல்வார்கள். மத்திய அரசின் சிறுதொழில் கொள்முதல் சலுகை பொருளுக்கும் சேவைக்கும்தான், கட்டுமான வேலைக்குக் கிடையாது. அந்தச் சான்றை நம்பி விலக்கு கேட்டால் முதல் சுற்றிலேயே வெளியே. முன்வைப்புத் தொகை வேலை மதிப்பில் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி, கட்டிவிடுங்கள். வங்கி வழியாக அனுப்பினால் இரண்டு நாள் முன்பே அனுப்புங்கள்.

அனுபவச் சான்று இன்னொரு பள்ளம். சப்-கான்ட்ராக்டில் பத்துக் கட்டடம் கட்டியிருந்தாலும் சான்று மெயின் கான்ட்ராக்டர் பெயரில்தான் இருக்கும். சொந்தப் பெயரில் முடித்த வேலைக்கு அன்றே விண்ணப்பியுங்கள், தேதி முத்திரையோடு நகல் வாங்குங்கள். டெண்டர் வந்த பிறகு செயற்பொறியாளர் கையெழுத்துக்கு அலைந்தால், அவர் ‘சைட்டில்’ இருப்பார், ‘மீட்டிங்கில்’ இருப்பார், கெடு முடிந்துவிடும். வட்டாட்சியரிடம் வாங்கும் சால்வென்சி சான்றும் (சொத்து மதிப்புச் சான்று) அப்படித்தான். கையில் உள்ள வேலைகளின் பட்டியலில் எதையும் மறைக்காதீர்கள். அதே ஆபீசிலேயே அந்தக் கணக்கு இருக்கும்.

சில டெண்டர்களில் இடத்தைப் பார்த்ததாக உதவிப் பொறியாளரிடம் சான்று கேட்பார்கள். போட்டிக்கு யார் வரலாம் என்பதை அந்த ஒரு கையெழுத்து முடிவு செய்துவிடும். இது எனக்கு ஏற்கவே முடியாத விஷயம். தர மறுத்தால் அன்றே பதிவுத் தபாலும் மின்னஞ்சலும் அனுப்பி, இடத்தில் எடுத்த படத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

இணையதளத்தில் இன்னும் சில. விலைப்பட்டியல் கோப்பின் பெயரை மாற்றாதீர்கள், மாற்றினால் ஏற்காது. டிஜிட்டல் கையெழுத்துக் கருவியின் காலாவதியைப் பாருங்கள். ஒருமுறை டெண்டரை விலக்கிக்கொண்டால் அதே டெண்டரில் மீண்டும் போட முடியாது. கடைசி நாளை நம்பாதீர்கள். ஃப்ரீஸ் செய்தபின் வரும் ஒப்புகையை அச்செடுத்து வையுங்கள்.

விலை போடும்போது 18 சதவீத ஜிஎஸ்டி உள்ளடக்கமா தனியா என்று ஆவணத்தில் தேடிப் படியுங்கள். புரியாவிட்டால் டெண்டருக்கு முந்தைய கூட்டத்திலேயே எழுதிக் கேளுங்கள். பில்லில் வருமான வரிப் பிடித்தம், 2 சதவீத ஜிஎஸ்டி பிடித்தம், தொழிலாளர் நலநிதிக்கு 1 சதவீதம் எல்லாம் போய்த்தான் கைக்கு வரும். மதிப்பீட்டைவிட ரொம்பக் குறைத்துப் போட்டால் கூடுதல் வைப்புத்தொகையும் கேட்பார்கள்.

தள்ளப்பட்டால் காரணம் சொல்ல வேண்டியது அவர்கள் கடமை. யாருடைய டெண்டர் ஏற்கப்பட்டது, மற்றவர்களுடையது ஏன் நிராகரிக்கப்பட்டது என்பது அரசின் டெண்டர் அறிவிப்பு இதழுக்குப் போக வேண்டும். உத்தரவு கைக்கு வந்து 10 நாளுக்குள் அரசுக்கு மேல்முறையீடு செய்யலாம். “அடுத்த வாரம் வாங்க, பேசிக்கலாம்” என்ற சொல்லிலேயே அந்தப் பத்து நாளும் கரைவதைப் பார்த்திருக்கிறேன். தகவல் உரிமை மனுவுக்குப் பதில் வர 30 நாள் ஆகலாம், அதற்காகக் காத்திருக்காதீர்கள். கையில் உள்ள காகிதத்தை வைத்து முதலில் மேல்முறையீட்டைக் கொடுங்கள்.

வேலை கிடைத்தால், அஸ்திவாரத்தை மூடும் முன் எம்-புக்கில் (அளவுப் புத்தகம்) அளவு பதியச் சொல்லுங்கள், படமும் எடுங்கள். மூடிய பிறகு யாரும் தோண்டிப் பார்த்துப் பணம் தர மாட்டார்கள். “இதையும் சேர்த்துப் பண்ணிடுங்க” என்று பொறியாளர் சொன்னால், எழுத்தில் வரும்வரை ஒரு செங்கல்கூட வைக்காதீர்கள். பில்லில் பிடித்துவைத்த தொகையும் தானாகத் திரும்பி வராது. பராமரிப்புக் காலம் (குறை வந்தால் நீங்களே சரிசெய்து தர வேண்டிய காலம்) முடியும் தேதியை நாள்காட்டியில் குறித்துவைத்து, மறுநாளே மனு கொடுத்துவிடுங்கள்.