45 நாளில் பணம்: சேல்ஸ் ஆர்டரிலேயே கோட்டை விடாதீர்கள்

சரக்கை உரிய நாளில் கொடுத்துவிட்டு, பணத்துக்காக மாதக்கணக்கில் நடையாய் நடந்த சிறு பட்டறைக்காரர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். சட்டம் அவர்கள் பக்கமே இருந்தது. அந்தச் சட்டம் கேட்கும் இரண்டு மூன்று தேதிகளைத் தங்கள் கணக்கு மென்பொருளிலிருந்து எடுத்துக் காட்ட முடியாமல்தான் பெரும்பாலோர் வெறுங்கையுடன் திரும்பினார்கள்.

சட்டம் சொல்வது சுருக்கமானது. குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், 2006இன் 15ஆம் பிரிவின்படி, குறு அல்லது சிறு நிறுவனத்திடம் சரக்கோ சேவையோ வாங்கியவர், எழுத்தில் ஒப்புக்கொண்ட நாளுக்குள் பணம் தர வேண்டும். அந்தக் கெடு எக்காரணம் கொண்டும் 45 நாளைத் தாண்டக் கூடாது. எழுத்தில் எதுவுமே இல்லையென்றால் கெடு 15 நாள்தான். தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டியை, மாதந்தோறும் கூட்டுவட்டியாகக் கணக்கிட்டுத் தர வேண்டும். உங்கள் வங்கி உங்களிடம் வசூலிக்கும் கடன் வட்டிக்கும் இதற்கும் தொடர்பில்லை.

யாருக்குக் கிடைக்காது என்பதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். நடுத்தர நிறுவனங்களுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. வாங்கி விற்கும் வணிகர்களுக்கும் இல்லை. 2021 ஜூலையில் சில்லறை, மொத்த வணிகர்களையும் உத்யம் பதிவுக்குள், அதாவது குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான அரசுப் பதிவுக்குள் சேர்த்தார்கள். ஆனால் முன்னுரிமைக் கடன் பெறுவதற்கு மட்டுமே அந்தப் பதிவு பயன்படும். இது தெரியாமல், சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக அலையும் வணிகர்கள் இன்றும் இருக்கிறார்கள். முதல் மேசையிலேயே அதைச் சொல்லி அனுப்பும் அலுவலரைக் காண்பது அரிது. அதைவிடக் கொடுமை, உண்மையில் உற்பத்தி செய்பவர் இடைத்தரகரிடம் காசு கொடுத்துப் பதிவு செய்யப்போய், அந்தத் தரகர் ‘வணிகம்’ என்று குறித்துவிடுவது. உத்யம் பதிவுக்குக் கட்டணமே கிடையாது. உங்கள் சான்றிதழில் தொழிலின் வகை என்னவென்று எழுதியிருக்கிறது என்பதை இன்றே பார்த்து, தவறாக இருந்தால் திருத்திவிடுங்கள்.

அடுத்தது பதிவு செய்த நாள். பணம் மாட்டிக்கொண்ட பிறகு பதிவு செய்தால், அந்தப் பதிவு அதற்குப் பிந்தைய விநியோகத்துக்குத்தான் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2021இல் கூறியது. பதிவு இல்லாதவர், இந்தப் பண வழக்குகளை விசாரிக்கும் வசதியாக்க மன்றத்தை அணுகலாமா என்ற கேள்வியை அதே நீதிமன்றம் 2025இல் பெரிய அமர்வுக்கு அனுப்பியிருக்கிறது. அந்த விடைக்காக நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. முதல் ஆர்டருக்கு முன்பே பதிவு இருந்தால் இந்த விவாதமே உங்களைத் தொடாது.

இனி மென்பொருளுக்கு வருவோம். டாலி போன்ற மென்பொருளில் சேல்ஸ் ஆர்டர், அதாவது வாங்குபவர் கேட்ட சரக்கு, அளவு, விலையைக் குறிக்கும் பதிவு போட்டால் கணக்கில் ஒரு ரூபாய்கூட அசையாது. வாங்குபவர் பெயரிலுள்ள லெட்ஜரில் பற்றும் ஏறாது. அதனாலேயே பலர், ‘அதை எதற்குப் போட வேண்டும், நேரே பில் போட்டுவிடலாம்’ என்று விட்டுவிடுகிறார்கள். பிறகு மன்றத்தில் மனு போடும்போது, பில்லோடு ஆர்டரையும் கேட்பார்கள். வாங்கியவர் தொலைபேசியில் சொன்னார், சரக்கை அனுப்பிவிட்டேன் என்ற பதிலுக்கு அங்கே மதிப்பில்லை.

ஆனால் சேல்ஸ் ஆர்டர் என்பது நீங்களே உங்கள் கணினியில் அடித்துக்கொண்ட தாள் என்பதையும் மறக்கக் கூடாது. எதிர்த்தரப்பு ஒப்புக்கொள்ளாதவரை அது யாரையும் கட்டுப்படுத்தாது. எனவே வாங்குபவர் பர்ச்சேஸ் ஆர்டர் கொடுத்திருந்தால், அதன் எண்ணையும் தேதியையும் உங்கள் சேல்ஸ் ஆர்டரில் அதற்குரிய இடத்தில் கட்டாயம் பதியுங்கள். கொடுக்கவில்லையென்றால், சேல்ஸ் ஆர்டரை பி.டி.எஃப் ஆக மாற்றி அவருடைய அலுவலக மின்னஞ்சலுக்கு அனுப்பி, ‘சரி’ என்று ஒரே ஒரு வரியாவது பதில் வாங்கிவிட்டுச் சரக்கை ஏற்றுங்கள். வெட்கப்பட வேண்டியதில்லை. பணம் தராத நாளில் அந்த ஒரு வரிதான் பேசும்.

பணம் தர வேண்டிய கெடுவை எழுதும் இடத்தில் பழக்கதோஷத்தில் ‘90 நாள்’ என்று அடித்துவிடாதீர்கள். வாங்குபவரின் பர்ச்சேஸ் ஆர்டரிலேயே 90 என்று இருந்தாலும் சட்டப்படி 45 நாளுக்கு மேல் செல்லாது. அதை நீங்களும் வழிமொழிந்து எழுதிக் கொடுத்தால் பேச்சுவார்த்தையில் உங்கள் வாயை நீங்களே அடைத்துக்கொள்கிறீர்கள். இதில் இன்னொரு கண்ணியும் உண்டு. வாங்குபவர் லெட்ஜரில் கடன் காலம் 90 நாள் என்று வைத்திருந்தால், மென்பொருள் தரும் நிலுவைப் பட்டியலில் அந்த பில் 90 நாள் முடியும்வரை ‘கெடு தாண்டியது’ என்று காட்டவே காட்டாது. முதலாளி பட்டியலைப் பார்த்து நிம்மதியாக இருப்பார். அதுவும் அந்தப் பட்டியல் பில் தேதியிலிருந்து எண்ணுகிறது. சட்டமோ சரக்கு போய்ச் சேர்ந்த நாளிலிருந்து எண்ணுகிறது.

இந்தப் போய்ச் சேர்ந்த நாள்தான் எல்லா வழக்கிலும் இழுபறியாகும் இடம். சரக்கு வண்டியோடு போகும் ஜி.எஸ்.டி. ஆவணமான ஈ-வே பில் சரக்கு கிளம்பியதைக் காட்டும். அவர் பெற்றுக்கொண்டதைக் காட்டாது. சேல்ஸ் ஆர்டரிலிருந்து டெலிவரி நோட், டெலிவரி நோட்டிலிருந்து பில் என்று அதே ஆர்டர் எண்ணைத் தொடர்ச்சியாகக் கொண்டுபோங்கள். டெலிவரி சலானில் வாங்குபவரின் முத்திரை, கையெழுத்து, தேதி மூன்றையும் வாங்கி, அந்தத் தேதியை டெலிவரி நோட்டின் குறிப்புப் பகுதியில் அன்றைக்கே எழுதுங்கள். காவலாளியின் கிறுக்கல் கையெழுத்தை மட்டும் நம்பி, ‘எங்கள் ஸ்டோர்ஸுக்கு வரவே இல்லை’ என்ற பதிலைக் கேட்டவர்கள் இருக்கிறார்கள். ஒரே ஆர்டருக்கு நான்கு தவணையாகச் சரக்குப் போனால் நான்கு டெலிவரி நோட் போடுங்கள், ஏனெனில் கெடு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஓடுகிறது.

சரக்கில் குறை என்று வாங்குபவர் சொல்வதாக இருந்தால், பெற்ற நாளிலிருந்து 15 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், சரக்கு சேர்ந்த நாளே அவர் ஏற்றுக்கொண்ட நாளாகிவிடும். எழுத்தில் சொல்லிவிட்டால், நீங்கள் அந்தக் குறையைச் சரிசெய்து கொடுத்த நாளிலிருந்துதான் கெடு தொடங்கும். அந்த நாளையும் எழுத்தில் உறுதிசெய்து பதியுங்கள். ஆறு மாதம் கழித்துப் பணம் கேட்டவுடன் திடீரென்று தரம் நினைவுக்கு வருபவர்களின் பேச்சைக் கேட்டு, காரணம் எதுவும் எழுதாமல், பில் தொகையைக் குறைக்கும் கிரெடிட் நோட் போட்டுக் கொடுத்துவிடாதீர்கள். குறையை நீங்களே ஒப்புக்கொண்டதாக அதைத் திருப்பிப் படிப்பார்கள்.

ஆர்டரின் அளவோ விலையோ மாறினால் பழைய சேல்ஸ் ஆர்டரைத் திறந்து எண்ணை மாற்றி எழுதுவது மோசமான பழக்கம். மீதியை முன்கூட்டியே முடித்து மூடும் வசதி மென்பொருளில் இருக்கிறது. அதைப் பயன்படுத்திவிட்டுப் புதிய ஆர்டர் போடுங்கள். வரும் பணத்தையும் ‘ஆன் அக்கவுண்ட்’ என்று பொத்தாம் பொதுவாக வரவு வைக்காமல், எந்த பில்லுக்கு என்று கேட்டு அந்த பில்லில் கழியுங்கள். இதைச் செய்யாதவர்களால், எந்த பில்லுக்கு எத்தனை நாள் வட்டி என்ற ஒரு கணக்குத் தாளைத் தயாரிக்கவே முடிவதில்லை.

2024 ஏப்ரல் முதல் வேறு வகை நெருக்கடி வந்திருக்கிறது. கெடுவுக்குள் பணம் தராத வாங்குபவர், உண்மையில் பணம் தரும் ஆண்டில்தான் அதைச் செலவாகக் காட்டி வருமான வரிக் கழிவு பெற முடியும் என்று விதி வந்தது. உங்களுக்குச் சாதகமான விதிதான். ஆனால் ‘உத்யம் பதிவை ரத்து செய்தால்தான் அடுத்த ஆர்டர்’ என்றும், மார்ச் கடைசியில் ‘பில்லை ரத்து செய்து ஏப்ரலில் போடுங்கள்’ என்றும் கேட்கிறார்கள். பதிவை ரத்து செய்தால் உங்களிடம் எஞ்சுவது சாதாரண சிவில் வழக்கு மட்டும். பில்லைத் தேதி மாற்றிப் போட்டால் ஜி.எஸ்.டி. கணக்கிலும் சிக்கிக்கொள்வீர்கள்.

இத்தனைக்கும் பிறகும் பணம் வராவிட்டால், அரசின் இணையவழியில் குறு, சிறு நிறுவன வசதியாக்க மன்றத்துக்கு மனு செய்யலாம். முதலில் சமரசம், அது முடியாவிட்டால் நடுவர் தீர்ப்பு. 90 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. மன்றம் கூடும் வேகத்தைப் பார்த்தவர்கள் அந்த எண்ணை நம்பிக் கடன் வாங்க மாட்டார்கள். வாங்கியவர் வெளிமாநிலம் என்றால் ‘அங்கே போய் மனு கொடுங்கள்’ என்று சிலர் திருப்பி அனுப்புவார்கள். அது தவறு. 18ஆம் பிரிவின்படி, நீங்கள் இருக்கும் இடத்தின் மன்றமே, வாங்கியவர் இந்தியாவில் எங்கிருந்தாலும் விசாரிக்கலாம். பிரிவு எண்ணைச் சொல்லி, மறுப்பை எழுத்தில் கேளுங்கள். மனு போட்டதும் எதிர்த்தரப்பு அசல் தொகையை மட்டும் நீட்டி, ‘பாக்கி ஏதுமில்லை’ என்று கையெழுத்துக் கேட்கும். வட்டியை விட்டுக்கொடுக்க நீங்கள் முடிவு செய்திருந்தாலொழிய அதில் கையெழுத்திடாதீர்கள். தீர்ப்பு வந்தபின் அவர் நீதிமன்றத்துக்குப் போக நினைத்தால், 19ஆம் பிரிவின்படி தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும்; அவர் அவசரமாகச் சமரசம் பேச வருவதற்குக் காரணம் அதுதான்.