காளானும் அமினோ அமிலமும் உடலுக்குள் எங்கே மோதுகின்றன

ரெய்ஷி, சாகா, கார்டிசெப்ஸ், லயன்ஸ் மேன் என்று மருத்துவக் காளான் மாத்திரைகளை எடுப்பவர்களில் பலர் கூடவே ஆர்ஜினைன், டிரிப்டோபான் போன்ற அமினோ அமிலங்கள் (புரதத்தைக் கட்டும் கற்கள்), அவை கோத்த புரதமான கொலாஜன் பொடி என்று ஏதாவது ஒன்றையும் எடுக்கிறார்கள். சேர்த்து எடுக்கலாமா என்று கேட்டால், இரண்டும் இயற்கைதானே, ஒன்றும் ஆகாது என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். வயிற்றுக்குள் இவை அடித்துக்கொள்ளாது என்பது சரிதான். சிக்கல் அதற்கு அப்புறம்தான்.

அமினோ அமிலம் மிகச் சிறிய மூலக்கூறு. சிறுகுடலின் சுவரில் அதற்கென்றே இருக்கும் கடத்திப் புரதங்கள் அதைப் பிடித்து ரத்தத்தில் சேர்த்துவிடும். காளானின் பேர்பெற்ற சத்தான பீட்டா குளுக்கானின் கதை வேறு. அது நீளமான சர்க்கரைச் சங்கிலி. அதை வெட்டும் நொதி நம்மிடம் இல்லாததால், பெரும்பகுதி ரத்தத்துக்குள் போவதே இல்லை. குடல் சுவரில் காவல் இருக்கும் நோய் எதிர்ப்புச் செல்களின் மேல் டெக்டின்-1 என்ற ஏற்பி உண்டு. பூஞ்சையின் சுவரை அடையாளம் காண்பது அதன் வேலை. பீட்டா குளுக்கான் அதில் ஒட்டும்போது அந்தச் செல்கள் உஷாராகின்றன. இப்படி இரண்டும் வெவ்வேறு வழியில் போவதால், ஒன்றைக் காலையிலும் மற்றதை மாலையிலும் எடுப்பதால் பெரிய வித்தியாசம் எதுவும் வராது.

ஆனால் காளான் என்பது பீட்டா குளுக்கான் மட்டும் இல்லையே. ரெய்ஷியின் கசப்புக்குக் காரணமான டிரைடெர்பீன்கள், கார்டிசெப்ஸின் கார்டிசெபின், சாகாவில் மண்டிக்கிடக்கும் ஆக்சலேட் (சிறுநீரகக் கற்களில் அதிகம் காணப்படும் பொருள்) எல்லாம் சிறிய மூலக்கூறுகள். இவை ரத்தத்துக்குள் போகும். மோதல் நடப்பது இங்கேதான்.

இதில் அதிகம் பேசப்படாத ஜோடி சாகாவும் கொலாஜனும். ஜப்பானில் 72 வயதுப் பெண் ஒருவர் தினமும் நான்கைந்து தேக்கரண்டி சாகா பொடியை ஆறு மாதம் சாப்பிட்டார். சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் வரை போனது. திசுவை எடுத்துப் பார்த்தபோது உள்ளே ஆக்சலேட் படிகங்கள். 2014-இல் மருத்துவ இதழில் வெளியான நிகழ்வு இது. இப்போது கொலாஜனைப் பாருங்கள். அதன் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு ஹைட்ராக்ஸிபுரோலின் என்ற அமினோ அமிலம். உடல் அதைச் சிதைக்கும்போது கிளையாக்சிலேட் உண்டாகிறது. அதில் ஒரு பகுதியைக் கல்லீரல் ஆக்சலேட்டாக மாற்றிவிடும். ஆக, ஒரு டப்பா ஆக்சலேட்டை நேராகக் கொண்டுவருகிறது, இன்னொன்று உள்ளே போய்த் தயாரிக்கிறது. போதாக்குறைக்கு அதிக அளவில் வைட்டமின் சி-யும் எடுத்தால் அதுவும் சிதைந்து ஆக்சலேட் ஆகும். சாகா, கொலாஜன் டப்பாக்களின் லேபிளில் ஆக்சலேட் என்ற பெயர் பெரும்பாலும் இருக்காது. சிறுநீரகக் கல் வந்தவர்களும் ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவு) அதிகம் உள்ளவர்களும் சாகாவைத் தொடாமல் இருப்பதே நல்லது என்பது என் கட்சி.

அடுத்தது ரத்த அழுத்தம். ஆர்ஜினைனிலிருந்து உடல் நைட்ரிக் ஆக்சைடு தயாரிக்கிறது; அது ரத்தக் குழாய்களைத் தளர்த்தும். நாளுக்குப் பல கிராம் எடுத்தவர்களிடம் மேல் அழுத்தம் சராசரியாக 5 மில்லிமீட்டர் அளவுக்கு இறங்கியிருக்கிறது. ரெய்ஷிக்கும் அழுத்தத்தைக் குறைக்கும் குணம் உண்டு என்று ஆய்வகச் சோதனைகள் காட்டுகின்றன, மனிதர்களிடம் சான்று பலவீனம். இந்த இரண்டு மட்டும் என்றால் பெரிதாகப் பயப்பட வேண்டியதில்லை. ஏற்கெனவே அழுத்த மாத்திரையோ நெஞ்சுவலிக்கான நைட்ரேட்டோ எடுப்பவர் இவற்றையும் சேர்த்தால் எழுந்து நிற்கும்போது தலை சுற்றலாம். மாரடைப்பு வந்தவர்களுக்கு ஆர்ஜினைன் உதவுமா என்று அமெரிக்காவில் சோதித்து 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். ஆர்ஜினைன் எடுத்த குழுவில் 6 பேர் இறந்தார்கள், போலி மருந்து எடுத்த குழுவில் ஒருவர்கூட இல்லை. சோதனையை நடுவிலேயே நிறுத்திவிட்டார்கள்.

மூளைக்குள் நுழையும் வாசலில் நடப்பது அமினோ அமிலங்களுக்குள்ளேயே ஒரு தள்ளுமுள்ளு. டிரிப்டோபான், டைரோசின், லியூசின் எல்லாம் ஒரே கடத்திக்காகக் காத்திருக்கின்றன. பார்க்கின்சன் நோய்க்கான லீவோடோபா மருந்தும் அதே வரிசையில்தான் நிற்கிறது. இங்கே நேர இடைவெளி உண்மையிலேயே பயன் தரும். டிரிப்டோபானை மனச்சோர்வு மருந்துகளோடு எடுப்பது வேறு ரக ஆபத்து. டிரிப்டோபானிலிருந்து உருவாகும் செரோடோனின் என்ற மூளை வேதிப்பொருளை அந்த மருந்துகளில் பலவும் கூட்டுகின்றன. அது எல்லை மீறினால் நடுக்கம், காய்ச்சல், படபடப்பு என்று அவசர சிகிச்சைப் பிரிவு வரை கொண்டுபோகும்.

காளான் பக்கம் கவனிக்க வேண்டியவை இரண்டு. ரெய்ஷி ரத்தத் தட்டணுக்கள் ஒட்டிக்கொள்வதைக் குறைக்கக்கூடும் என்பதால் வார்ஃபரின், ஆஸ்பிரின் போன்ற ரத்த உறைவைத் தடுக்கும் மருந்துகளை எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் தொடங்கக்கூடாது. உறுப்பு மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு எதிர்ப்புச் சக்தியை அடக்கத்தான் மருந்து தருகிறார்கள். அதைத் தூண்டிவிடும் காளான் அவர்களுக்கு வேண்டவே வேண்டாம்.

இவ்வளவையும் பார்த்து எடுத்தாலும் டப்பாவுக்குள் இருப்பது வேறாக இருக்கலாம். 1989-இல் அமெரிக்காவில் டிரிப்டோபான் எடுத்த 1500-க்கும் மேற்பட்டோர் கடும் தசைவலியோடு நோயில் விழுந்தார்கள், 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஒரே உற்பத்தியாளரின் சரக்கில் கலந்திருந்த மாசுகள்மேல்தான் முக்கியமாகச் சந்தேகம் விழுந்தது. காளானில் ஏமாற்று இன்னும் சாதுவானது. தானியத்தில் வளர்த்த பூஞ்சை இழைகளைத் தானியத்தோடு சேர்த்தே அரைத்துவிடுவார்கள். "பாலிசாக்கரைடு 40 சதவீதம்" என்று லேபிள் பெருமை பேசும், நீளமான சர்க்கரைச் சங்கிலி எதற்கும் அந்தப் பெயர்தான் என்பதால் அதில் நிறைய தானியத்தின் மாவுச்சத்தாகவே இருக்கலாம். பார்க்க வேண்டியது பீட்டா குளுக்கான் எவ்வளவு என்ற தனிக் கணக்கை.

இரண்டையும் எடுத்தே தீருவது என்று முடிவு செய்தவர்கள் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். முதலில் ஒன்று, இரண்டு வாரம் கழித்து மற்றது. அரிப்போ வயிற்றுப்போக்கோ வந்தால் எதனால் என்று அப்போதுதான் தெரியும். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டால் குறைந்தது இரண்டு வாரம் முன்பே ரெய்ஷியை நிறுத்திவிட்டு, மயக்க மருந்து நிபுணரிடம் டப்பாக்களையே காட்டிவிடுங்கள்.