முதுமையில் தடுமாற்றம்: நடையைக் குறைப்பது தீர்வாகாது

ஒருமுறை விழுந்த முதியவரைக் குடும்பத்தினர் என்னிடம் அழைத்து வரும்போது, பெரும்பாலும் அவர் பல வாரங்களாக நாற்காலியிலேயே உட்கார வைக்கப்பட்டிருப்பார். "நீங்க எழுந்திருக்க வேண்டாம், வேண்டியதை நாங்க எடுத்துத் தர்றோம்" என்று பிள்ளைகள் சொல்வது அன்பினால்தான். ஆனால் அசையாமல் இருக்கும் காலத்தில் தொடைத் தசைகள் மெலிகின்றன, நிலைகுலையும்போது சட்டென்று அடியெடுத்து வைக்கும் பழக்கம் மங்குகிறது, பயம் வளர்கிறது. அடுத்த முறை விழுவதற்கு வழிவகுப்பவை இவையே என்பதைத்தான் இயன்முறை மருத்துவராக நான் ஒவ்வொரு குடும்பத்திடமும் வலியுறுத்துகிறேன்.

கண்கள் தரும் காட்சி, தலையின் அசைவையும் சாய்வையும் அறியும் உட்செவி, தரையை உணரும் பாதமும் மூட்டுகளும் என மூன்று வழிகளில் வரும் செய்திகளை ஒப்பிட்டே மூளை நம்மை நிமிர்த்தி வைக்கிறது. வெறுங்காலுடன் ஒற்றைக் காலில் நிற்பவரின் கணுக்காலை உற்றுப் பாருங்கள். அசையாமல் நிற்பதாக அவர் நினைத்துக்கொண்டிருக்கும்போதே, புறங்காலில் தசைநாண்கள் மாறி மாறிப் புடைத்து அடங்கிக்கொண்டிருக்கும். வயது ஏற ஏற இந்த மூன்று வழிகளும் மந்தமாகின்றன. நீரிழிவால் பாதம் மரத்துப்போனவர்கள் கண்களையே மிகுதியாக நம்பி நிற்பதால், இரவில் விளக்கில்லாமல் எழும்போது எளிதில் தடுமாறுகிறார்கள்.

எல்லாத் தடுமாற்றத்துக்கும் முதுமையே காரணமல்ல. படுக்கையில் புரண்டாலே தலை சுற்றினால், உட்செவியின் நுண்துகள்கள் இடம் பெயர்ந்திருக்கலாம். தலையை முறைப்படி திருப்பிச் செய்யும் சிகிச்சையில் பலருக்கு அது விரைவிலேயே சரியாகிறது. எழுந்து நின்ற 3 நிமிடங்களுக்குள் ரத்த அழுத்தத்தின் மேல் அளவு 20 புள்ளிகளோ அதற்கு மேலோ இறங்கினால் மருத்துவரிடம் சொல்லி மாத்திரைகளை மறுபரிசீலனை செய்யக் கேட்க வேண்டும். தூக்க மாத்திரைகளும் தடுமாற்றத்துக்குக் காரணமாகலாம்.

பயிற்சிக்கு முன், நகராத ஒரு மேசையருகே, ஒரு பாதத்தின் குதிகால் மற்றதன் விரல் நுனியைத் தொடுமாறு நேர்க்கோட்டில் வைத்து நின்று பாருங்கள். 10 விநாடிகள் நிற்க முடியாவிட்டால் விழும் அபாயம் கூடுதல் என்று கொள்ளலாம். அந்த நிலையையே, விரல் நுனியால் மேசையைத் தொட்டபடி, நாள்தோறும் பழகலாம். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன்: பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுத்து, மூக்கு கால்விரல்களுக்கு நேராக வரும்வரை முன்னால் சாய்ந்து எழ வேண்டும், உட்காரும்போது தொப்பென்று விழாமல் மெதுவாக இறங்க வேண்டும், ஏனெனில் தொடைக்கு அங்கும் நல்ல வேலை உண்டு. சற்றும் தடுமாறாமல் செய்யக்கூடிய பயிற்சியால் பலன் குறைவு. பிடிமானம் எட்டும் தூரத்தில் இருக்க, கொஞ்சம் ஆட்டம் காண வேண்டும். 65 வயதைக் கடந்தவர்கள் வாரத்தில் 3 நாட்களாவது சமநிலையையும் வலிமையையும் வளர்க்கும் பயிற்சிகளைச் செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைக்கிறது.

உடன் இருப்பவர் கையைப் பிடித்து முன்னால் இழுக்காமல், பக்கவாட்டில் சற்றுப் பின்தள்ளி நின்று, தேவைப்பட்டால் மட்டும் இடுப்பைத் தாங்கினால் போதும்.

திடீரெனத் தொடங்கிய தடுமாற்றத்துடன் பேச்சு குழறினாலோ, முகம் கோணினாலோ, ஒரு பக்கக் கை கால் பலமிழந்தாலோ, அது பக்கவாதமாக இருக்கக்கூடும் என்பதால், பயிற்சியைப் பற்றி யோசிக்காமல் உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.