திரையில் மூன்றாவது வரி, பட்டியலில் ஐந்தாவது

ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டிக்கு நான் எழுதிய டெஸ்க்டாப் மென்பொருளில் வந்த பிழை இது. அன்று பட்டியலில் விவசாயிகள் கொண்டுவந்த மஞ்சள் ஐந்து லாட்டாக, அதாவது ஐந்து தொகுதியாக இருந்தது: கிழங்கு, விரலி, கிழங்கு, விரலி, விரலி. இரண்டும் மஞ்சளின் வகைகள். கணக்குப்பிள்ளை விரலி மட்டும் திரையில் தெரியும்படி வடிகட்டினார். திரையில் மூன்று வரி மிஞ்சியது. மூன்றாவதைத் தொட்டு அழித்தார். திரையில் ஒன்றும் மாறவில்லை. மறுபடி அழுத்தினார். இப்போது இரண்டாவது வரி காணாமல் போனது. இரண்டு விவசாயிகளின் கணக்கு போயிற்று; அழிக்க நினைத்த லாட் அப்படியே இருந்தது.

வடிகட்டி எதையும் நீக்குவதில்லை. ஐந்து லாட்டும் நினைவகத்தில் அதே வரிசையில்தான் இருக்கின்றன. எந்தத் திரை வரிக்கு எந்த லாட் என்று ஒரு சிறு அட்டவணை மட்டும் நடுவில் நிற்கிறது: 1க்கு 2, 2க்கு 4, 3க்கு 5. என் நிரல் அந்த அட்டவணையைப் பார்க்காமல், திரையின் 3ஐ நேரே பட்டியலின் 3 என்று எடுத்துக்கொண்டது. அது மறைந்திருந்த கிழங்கு. அது நீங்கியதும் பின்னால் இருந்தவை ஒவ்வொரு இடம் முன்னே நகர, அடுத்த அழுத்தலில் நான்காவது லாட் சிக்கியது.

அழிக்கும் நிரலைத்தான் வெகுநேரம் சந்தேகப்பட்டேன். அதில் பிழையே இல்லை. ஒவ்வொரு சொடுக்கிலும் திரை எண், பட்டியல் எண் இரண்டையும் பதிவுக் கோப்பில் எழுதவைத்த பிறகே பிடிபட்டது. வடிகட்டாதபோது 3, 3. வடிகட்டினால் 3, 5. வடிகட்டாமல் விலைவாரியாக வரிசைப்படுத்தினாலும் எண்கள் பிரிந்தன.

ஜாவா நிரல்மொழியில் திரை அட்டவணையைக் காட்டும் ஜேடேபிளில் (JTable) திரை எண்ணைப் பட்டியல் எண்ணாக மாற்றித் தரும் வசதி 2006இல் வந்த ஆறாம் பதிப்பிலிருந்தே உண்டு. ஆனாலும் லாட் எண்ணைக் கொண்டே தேடி அழிப்பதுதான் எனக்குப் பிடித்த வழி. இடம் மாறும், லாட் எண் மாறாது.

விலை வரிசையிலும் ஒரு கோளாறு இருந்தது: 9850க்கு முன்னால் 13200. விலையை எழுத்தாகச் சேமித்ததால் முதல் எழுத்துகளான 9ஐயும் 1ஐயும் ஒப்பிட்டிருக்கிறது. எண்ணாக மாற்றியதும் சரியானது.

ஊர்ப் பெயர் வரிசைதான் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. அறச்சலூர் மேலே, அவல்பூந்துறை கீழே. நம் அகரவரிசையில் ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்று வருவதால் வகரமே முந்த வேண்டும். கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் தரும் யூனிகோடிலோ றகரத்தின் எண் 2993, வகரத்தின் எண் 2997. வெறும் எழுத்தெண்ணை ஒப்பிடும் நிரல் றகரத்தையே முன்னால் வைக்கும். தமிழ் அகரவரிசை தெரிந்த ஒப்பீட்டு விதியைச் சேர்த்தேன். அவல்பூந்துறை மேலேறியது. உடனே வடிகட்டியைப் போட்டு, மூன்றாவது வரியைத் தொட்டு, பதிவுக் கோப்பின் இரண்டு எண்களையும் மறுபடி பார்த்தேன்.