பார்னக்கிள் சிப்பி இல்லை, கொட்டலசு

பார்னக்கிளுக்குத் தமிழில் என்ன என்று கேட்டால் பலரும் யோசிக்காமல் சிப்பி என்று சொல்லிவிடுகிறார்கள். பாறையிலும் படகின் அடியிலும் சின்னச் சின்னச் சுண்ணாம்புக் கூம்புகளாக அப்பிக்கிடந்து, வெறுங்காலோடு மிதித்தால் பாதத்தைக் கிழித்துவிடுமே, அதற்குக் கொட்டலசு என்று நல்ல பெயர் இருக்கிறது. சிப்பி நத்தையின் இனமான மெல்லுடலி. கொட்டலசோ இறாலுக்கும் நண்டுக்கும் சொந்தக்காரன்.

இதில் ஏமாந்தது நாம் மட்டும் இல்லை. உயிரினங்களை வகைபிரித்துப் பெயர் வைத்த லின்னேயஸே அதை மெல்லுடலிகளோடுதான் சேர்த்து வைத்தார். 1830இல் ஜான் வாகன் தாம்சன் அதன் நீந்தும் இளம்பருவத்தைக் கவனித்து, அட இது இறால் கூட்டமல்லவா என்று காட்டிய பிறகுதான் இடம் மாறியது. டார்வின் 1846 முதல் எட்டு வருடம் இதையே கட்டிக்கொண்டு அழுதார்.

ஆங்கிலப் பெயரின் கதை இதைவிட வேடிக்கை. பார்னக்கிள் என்பது முதலில் ஒரு காட்டு வாத்தின் பெயர். குளிர்காலத்தில் அயர்லாந்துக்கும் பிரிட்டனுக்கும் வரும் அந்த வாத்து முட்டையிடுவது ஆர்க்டிக்கில் என்பதால் அங்கே யாரும் அதன் கூட்டைப் பார்த்ததில்லை. சரி, குஞ்சு எங்கிருந்து வருகிறது? கடலில் மிதந்துவரும் மரக்கட்டையில் காம்போடு தொங்கும் கொட்டலசைக் காட்டி, இதிலிருந்துதான் என்று முடிவுகட்டிவிட்டார்கள். 12ஆம் நூற்றாண்டில் வேல்ஸைச் சேர்ந்த ஜெரால்ட் என்ற பாதிரியார் தன் கண்ணாலேயே பார்த்ததாக எழுதியிருக்கிறார். இறைச்சியில் பிறக்காதது இறைச்சி ஆகாது என்று சொல்லி நோன்பு நாளிலும் வாத்தை வெளுத்துக்கட்டியவர்கள் உண்டு என்பதும் அவர் தரும் தகவல்தான். பிற்பாடு பறவையின் பெயர் ஓட்டுயிருக்கு ஒட்டிக்கொண்டது. காம்புள்ள வகை ஒன்றுக்கு லின்னேயஸ் வைத்த அனட்டிஃபெரா என்ற பெயருக்கும் வாத்தைச் சுமப்பது என்றுதான் பொருள்.

கொட்டலசு வகைகளின் அறிவியல் பெயர்களில் எனக்குப் பிடித்தது தாமலஸ். கிரேக்கத்தில் தாழ்ந்தது, தரையோடு தரையாக இருப்பது என்று பொருள். உருவம் தட்டையானது, அதனால் பொருத்தம்தான், ஆனால் வசிப்பதென்னவோ கடலோரப் பாறையின் மேல்மாடியில்! ஸ்காட்லாந்தின் மில்போர்ட் பாறைகளில் சூழலியலாளர் ஜோசப் கானெல் செய்து 1961இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பற்றியதுதான். மேலே தாமலஸ், கீழே பலானஸ் என்ற இன்னொரு கொட்டலசு என்று இரண்டு பட்டைகள். கீழ்ப்பட்டையில் பலானஸை அவர் சுரண்டி எடுத்துவிட்டுப் பார்த்தால் தாமலஸ் அங்கேயும் நன்றாகவே பிழைத்தது, அப்படியானால் அதை மேலே நெருக்கித் தள்ளியது தண்ணீரல்ல, வேகமாக வளர்ந்து அதன்மேல் ஏறியும் அடியில் நெம்பியும் கொல்கிற பலானஸ்தான். அந்த முரடனாலோ மேலே வெயிலிலும் காற்றிலும் காய்ந்து தாக்குப்பிடிக்க முடியாது.

அலை மோதும் பாறைகளில் தெறிக்கும் தண்ணீர் உயரமாகப் போவதால் இந்தப் பட்டைகளும் மேல்நோக்கி அகலமாகிவிடும்.

இந்த மொத்தக் கூட்டத்துக்கும் சிர்ரிப்பீடியா என்று பெயர், சுருள் போன்ற கால்கள் என்று லத்தீன் பொருள். தமிழில் சுருள்காலிகள் என்றே சொல்லலாம். தலையைப் பாறையில் ஒட்டிக்கொண்டு காலை வெளியே நீட்டி இரையை வாரும் பிராணிக்கு வேறு எப்படிப் பெயர் வைப்பது? அலை பலமாக அடிக்கும் இடத்தில் வளர்ந்தால் அந்தக் கால்கள் குட்டையாகவும் தடிமனாகவும் ஆகிவிடும், நீளமாக இருந்தால் அலையில் வளைந்து வீணாகிவிடுமே. அப்புறம், ஒரே பாறையில் அப்பிக்கிடக்கும் எல்லா இனங்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமானால் கொட்டலசுக் குழுமம் என்று எழுதுங்கள். கம்யூனிட்டி என்பதைச் சமூகம் என்று மொழிபெயர்த்தால் ஏதோ சாதிச் சங்கம் மாதிரி ஒலிக்கிறது.